புழு என்னும் ஒரே பெயர்

பேட்டைப் பகுதியில் நெளிவன யாவற்றையும் புழு என்றே வழங்குகின்றனர். இதனால் எருக்குழியிலும் வரப்பிலும் மண்ணைப் பண்படுத்தும் மண்புழுவும் பயிர்ப்பகையென எண்ணி நசுக்கப்படுவதுண்டு.

மண்புழுவின் சரீரம் தலை முதல் வால் வரை ஒத்த வளையங்களாலானது, காலும் கண்ணும் கிடையா, ஈரத்தோலாலேயே சுவாசிக்கும், ஆயுள் முழுதும் புழுவாகவே இருக்கும். பிசான நெல்லில் காய்ந்த குருத்துள்ள தண்டைப் பிளந்தால் அகப்படும் தண்டு துளைப்பான் இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. பூதக்கண்ணாடியால் நோக்கின், அதன் கெட்டியான தலைக்குப் பின்னே கணுக்களுள்ள மூன்று ஜோடிக் கால்கள் தெரியும். அது அந்துப்பூச்சியின் இளம்பருவமே. கதிர் வெளிவரும் சமயம் தாக்கின் வெண்கதிர் உண்டாகும். ஆனைக்கொம்பன் ஈயின் புழுவுக்கோ காலே இராது. வெங்காய இலைபோல் நீளும் குழலைக் கொண்டே அதை அறியவேண்டும்.

நெல்லைக் கால்வாய்ப் பாசன வயல்களில் வரப்பைத் துளைத்து நீரை வீணாக்கும் நண்டும், சிலந்தியும் பூச்சிக்கு உறவினம் என்றால் பலருக்கு வியப்பாயிருக்கும். மூன்றும் கணுவுள்ள கால்களும், வளருந்தோறும் கழற்றி மாற்றும் மேலோடும் உடையவை. பூச்சிக்குக் கால் 6; சிலந்திக்கு 8; நண்டுக்குக் கொடுக்குகள் சேர்த்து 10. சிலந்தி நெல்லிலையைத் தீண்டாது. அந்தையும் தத்துப்பூச்சியையும் பிடித்துண்ணும். நத்தை வேறு கூட்டம். வளையமில்லாத மெல்லுடலும் சுண்ணாம்பு ஓடுமே அதற்குண்டு.

"புழு விழுந்தது" என்று மட்டும் எழுதியனுப்பும் கிராம அதிகாரிகள், கால் உண்டா, தண்டினுள் இருந்ததா என்பவற்றையும் குறித்தனுப்பினால் பரிகாரம் தாமதமின்றிச் சொல்லக்கூடும்.