படைப் பயிற்சியும் குடிசார் பயிற்சியும்: விமானிகளின் திறன்

விமானமோட்டுங் கலையிற் படையிற் பயின்றோரே சிறந்தோர் என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. 2009ஆம் ஆண்டு சனவரி 15ஆந் திகதி, பறவைகள் மோதி இயந்திரங்கள் வலுவிழந்த விமானமொன்றை நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையுங் காத்த சலன்பேகர், ஐக்கிய அமெரிக்க வான்படையிற் போர்விமானம் ஓட்டியவர். இச்செய்தி அவ்வெண்ணத்துக்கு மேலும் வலுவூட்டிற்று. ஆயின் அவர் படையிற் சேருமுன்னரே, பதினாறாம் வயதில், சிறு விமானமொன்றிற் குடிசார் ஆசானிடம் பறக்கக் கற்றவர் என்பதைப் பலர் அறியார்.

இருவகைப் பயிற்சிக்கும் நோக்கம் வேறு. படையில் தெரிவு கடுமையானது. தகுதியற்றோர் இடையிலேயே விலக்கப்படுவர். விமானத்தைத் தலைகீழாய்ப் புரட்டவும், சுழன்று வீழும் நிலையினின்று மீட்கவும், பிற விமானங்களை ஒட்டி அணிவகுத்துப் பறக்கவும் ஆண்டுப் பயில்வர். குடிசார் மாணவனோ பெரும்பாலும் தன் பொருளைச் செலவிட்டுப் பயில்பவன். கருவிகளை நம்பிப் பறத்தல், புயலை விலக்கிச் செல்லுதல், பக்கத்திலிருக்கும் விமானியோடு கூடித் தொழில் செய்தல் என்பன அவன் பாடங்கள்.

அமெரிக்கச் சட்டம் இவ்வேறுபாட்டை எண்ணாலேயே அளந்துள்ளது. 2009இல் பவலோ நகரருகே 50 உயிர்களைக் கொண்ட விபத்தின் பின், பயணிகள் விமானத்தின் துணை விமானிக்கும் 1,500 மணிநேரப் பறப்பு வேண்டுமென 2013இல் விதிக்கப்பட்டது. படையிற் பயின்றோர்க்கு 750 போதும். மணிக்கணக்கு எளிய அளவுகோலேயன்றி நுண்ணிய அளவுகோலன்று.

1983 யூலை 23ஆந் திகதி கனடாவில் நிகழ்ந்தது நுணுகி நோக்கத்தக்கது. 69 பேருடன் 41,000 அடி உயரத்திற் சென்ற எயர் கனடாவின் போயிங் 767 விமானத்தில் எரிபொருள் தீர்ந்தது. 22,300 கிலோகிராம் இருக்கவேண்டிய தாங்கிகளில் 22,300 இறாத்தலே, அஃதாவது பாதிக்குங் குறைவே, இருந்தது. (அளவை முறை மாறிய காலத்துக் குழப்பம் இது.) வின்னிப்பெக்கை எட்ட இயலாதெனக் கண்ட துணை விமானி மொறிஸ் குவின்ரல், தாம் முன்னர் வான்படையிற் பணியாற்றிய கிம்லித் தளத்தை நினைவுகூர்ந்தார். அத்தளம் மூடப்பட்டு, ஓடுபாதையிற் கார்ப் பந்தயம் நிகழ்ந்துவந்தமை அவர் அறியாதது. ஓடுபாதையை நெருங்கியபோது விமானம் வேண்டியதினும் உயர்ந்து நின்றது. தலைமை விமானி றொபேட் பியர்சன் அதனைப் பக்கவாட்டிற் சரித்து, வேகங் கூடாமல் உயரத்தைக் குறைத்தார். இயந்திரமற்ற கிளைடர்களை ஓட்டிப் பழகியவர்க்குக் கைவந்த வித்தை அது. ஒருவரும் இறந்திலர். தளத்தை அறிந்தது படை அனுபவம். இறக்கியது கிளைடர் அனுபவம்.

1989 யூலை 19ஆந் திகதி அமெரிக்காவின் சூ நகரில், கட்டுப்பாட்டுக் குழாய்கள் யாவும் அறுந்த விமானத்தில் 296 பேருள் 184 பேர் பிழைத்தனர். தலைமை விமானி அல் ஹெய்ன்ஸ் முன்னாட் படைவிமானி. எனினும், விமானியறையிலுள்ளோர் யாவருங் கலந்து முடிவெடுக்குமாறு தம் நிறுவனம் அளித்த பயிற்சியையே அவர் பின்னர் பெரிதும் போற்றினார். அன்று பயணியாக வந்திருந்த விமானப் பயிற்சியாளர் டெனிஸ் பிற்ச் என்பவரை உள்ளே அழைத்து, இயந்திர விசைகளை அவர் கையில் ஒப்படைத்தவரும் ஹெய்ன்ஸே.