ஒரே ஒரு விதி – 9: 187 எழுத்துக்குள் ஒரு ராட்சதன்

கணிதவியலாளர் மாக்ஸ் டேன் 1952-ல் பிளாக் மவுன்டன் கல்லூரியில் காலமானதோடு சென்ற வாரம் நின்றோம். இந்தத் தொடரின் கேள்வி இதுதான். சில எழுத்துகள், பக்கத்தில் வந்தால் அவற்றோடு சேர்ந்து மறைந்துபோகும் எதிர் எழுத்துகள், எது எதற்குச் சமம் என்று சொல்லும் ஒரே ஒரு விதி: இவற்றால் ஆன குலத்தில் (group), கையில் தந்த சொல் கரைந்து ஒன்றுமில்லாமல் போகுமா? இதற்குப் பெயர் சொல் சிக்கல். எப்போதும் கண்டுபிடிக்கலாம் என்று டேனின் மாணவர் வில்ஹெல்ம் மேக்னஸ் 1932-ல் நிறுவினார்.

விடை கிடைக்காத கேள்விகளை இந்த வாரம் வரிசையாகச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்குள் கில்பர்ட் பாம்ஸ்லாக் 1969-ல் வெளியிட்ட இரண்டே பக்கக் கட்டுரை என்னைப் பிடித்துக்கொண்டது. கட்டுரை அனுப்பச் சொல்லி இதழிலிருந்து இரண்டு முறை போன் வந்தாயிற்று. நான் இன்னும் அவருடைய விதியைத்தான் தாளில் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் பாருங்கள்.

எழுத்துகள் இரண்டு: க, ப. அவற்றின் எதிர்கள் க⁻¹, ப⁻¹. 'ப க ப⁻¹' என்பதற்கு ட என்று சுருக்கப் பெயர் வைத்துக்கொள்வோம். விதி இது: ட க ட⁻¹ = க க. அதாவது, இரு பக்கமும் ட-வும் அதன் எதிரும் நின்றால் நடுவிலுள்ள க இரட்டிக்கும். சுருக்கப் பெயரை நீக்கி எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்தால் விதியின் மொத்த நீளம் ஒன்பது எழுத்து.

இரட்டிப்பதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? ட-வின் வயிற்றிலேயே ஒரு க இருக்கிறது, விஷமம் அங்கேதான். ப-வுக்கும் அதன் எதிருக்கும் நடுவில் நான்கு க வைத்தால் நான்கு ட கிடைக்கும். நான்கு ட சேர்ந்து ஒரு க-வைப் பதினாறாக்கும். பதினாறையும் ப-வுக்குள் அனுப்பினால் பதினாறு ட. அவை ஒரு க-வை 65,536 ஆக்கும். பதினாறு க-வை வரிசையாக எழுதக்கூட வேண்டாம், அவற்றைப் பெற்றெடுத்த சொல்லையே அங்கே வைத்தால் போதும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் சொல்லின் நீளம் இரண்டு மடங்கோடு ஐந்து எழுத்துதான் கூடுகிறது: 1, 7, 19, 43, 91, 187. கடைசியாக வந்த 187 எழுத்துச் சொல் எத்தனை க-வுக்குச் சமம்? 2-ன் 65,536-ஆம் அடுக்கு. அந்த எண்ணை எழுதவே 19,729 இலக்கங்கள் வேண்டும்!

இப்போது அந்தச் சொல், க, அந்தச் சொல்லின் எதிர், க-வின் எதிர் என்று வரிசையாக வைத்தால் 376 எழுத்து. எல்லாமே க-வின் அடுக்குகள் என்பதால் இது கரைந்துதான் ஆக வேண்டும். ஆனால் விதியை ஒவ்வொரு முறையாகப் போட்டுக் கரைத்தால்? இத்தகைய குலங்களில் தேவைப்படும் படிகள் எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதை அளக்கும் சார்புக்கு டேனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பாம்ஸ்லாக்கின் குலத்தில் அது, அடுக்கின் மேல் அடுக்கு வைத்துக் கட்டிய, உயரம் மாறாத எந்தக் கோபுரத்தையும் தாண்டிவிடும் என்று 1992-ல் ஸ்டீவ் கெர்ஸ்டன் காட்டினார்.

ஒரு கிளைக்கதை. 1930-ல் மேக்னஸ் தன் முதல் பெரிய தேற்றத்தை நிறுவியபோது டேன் எதிர்பார்த்தது வடிவியல். படம் வரைந்து யோசிக்கிற மனிதர் அவர். மாணவரோ முழுக்க இயற்கணிதத்தால் முடித்துவிட்டார். அப்படியானால் கண் தெரியாமலே நடந்து போயிருக்கிறீர்கள் என்றாராம் குரு.

எண்பது வருடம் கழித்து வெற்றி அப்படிக் கண் தெரியாமல் நடந்தவர்களுக்கே கிடைத்தது. 2011-ல் அலெக்சி மியாஸ்னிகோவ், அலெக்சாண்டர் உஷாகோவ், டாங் வூக் வான் மூவரும் இதே குலத்தின் சொல் சிக்கலைக் கணினி நியாயமான நேரத்தில் தீர்க்கும் என்று நிறுவினார்கள். சொல்லின் நீளத்தின் ஏதோ ஒரு நிலையான அடுக்குக்குள் வேலை முடிந்துவிடும். ராட்சத எண்களை அவர்கள் எழுதுவதே இல்லை. 2-ன் அடுக்குகளை அம்புக்குறிகளால் கோத்து, எந்த எண் எதிலிருந்து பிறந்தது என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். பிறந்த தேதி தெரியாவிட்டாலும், பெரியப்பா மகன், அத்தை பேத்தி என்று உறவைத் தொடர்ந்து போய் யார் மூத்தவர் என்று பாட்டிகள் சொல்லிவிடுவதில்லையா, அப்படித்தான் இந்த எண்களையும் ஒப்பிடுகிறார்கள். கூட்டலும் கழித்தலும்கூட அம்புகளிலேயே நடக்கின்றன.

இந்தத் தொடர் முழுக்க நான் சுற்றிச் சுற்றி வருவது இந்த இடத்துக்குத்தான். 'கரையும்' என்று அறிவது வேறு, கரைத்துக் காட்டுவது வேறு. கரைத்துக் காட்டப் பிரபஞ்சத்தில் தாள் போதாது. அறிந்துகொள்ள ஒரு மடிக்கணினி போதும்.

இதே சலுகை ஒற்றை விதிக் குலங்கள் எல்லாவற்றுக்கும் உண்டா? தெரியாது. பாம்ஸ்லாக்கின் குலத்தைவிட மோசமான ஒற்றை விதிக் குலம் இல்லை என்பது கெர்ஸ்டனின் ஊகம், நிரூபணம் இல்லை. இரண்டு விதி இருந்தால்? மேக்னஸின் வழியைப் போல எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வழி உண்டா என்பதே இன்றுவரை திறந்த கேள்வி.

பட்டியல் தொடங்குவதற்குள் பக்கம் முடிகிறது. அடுத்த வாரம் எதிர் எழுத்துகளையே பிடுங்கிவிடப் போகிறேன். அப்போதும் ஒரே ஒரு விதிதான். ஆனால் மேக்னஸின் தேற்றம் மட்டும் போதாது. மாஸ்கோவின் செர்கெய் ஆதியான் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டியும் அந்தச் சிக்கல் முழுதாக அவிழவில்லை.

(தொடரும்)