டியூப்ல உட்கார்ந்து டிரவுட் பிடிக்கிற கதை

கிணத்துல லாரி டியூப் போட்டு நீச்சல் பழகின ஆட்கள் நம்ம கிளாஸ்லயே நாலஞ்சு பேர் இருப்பாங்க. அதே டியூபுக்கு நடுவுல கித்தான்ல ஒரு சீட் தைச்சு, கால்ல ஃபின்ஸ் மாட்டி, கையில தூண்டிலோட ஏரிக்குள்ள போனா அதுக்குப் பேர் ஃப்ளோட் டியூப். அமெரிக்காவில் இது ஆரம்பிச்சதே லாரி டியூபில்தான். இப்போ வர்றது வளையம் இல்ல, 'யூ' இல்லன்னா 'வி' வடிவம். முன்பக்கம் திறந்திருக்கும். ஏறி இறங்க சுலபம், அவசரத்துல வெளியே வரவும் முடியும். மடிச்சா ஒரு டிராவல் பேக் அளவுதான்.

இது எங்கே உண்மையிலேயே பயன்படுதுன்னு பார்க்க, கலிஃபோர்னியாவில் கிழக்கு சியரா மலைப்பக்கம் இருக்கும் க்ரௌலி ஏரியை எடுத்துக்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குத் தண்ணி கொடுக்க 1941-ல் கட்டி முடிச்ச அணையால் உருவானது. உயரம் சுமார் 2,060 மீட்டர், ஊட்டியை விடக் கொஞ்சம்தான் தாழ்வு.

முதல்ல மிதப்பு. ஆள் 75 கிலோ, சாமான் 10 கிலோ, மொத்தம் 85. தண்ணிக்குள்ள தொங்குற கால் சுமார் 20 லிட்டர் இடத்தை அடைக்குதுன்னு வச்சா, ஆர்க்கிமிடீஸ் அந்த 20 கிலோவைப் பார்த்துக்குவார். மிச்சம் 65 கிலோவுக்கு டியூப் 65 லிட்டர் தண்ணியை விலக்கினா போதும். டியூபோட கொள்ளளவு அதைவிட நல்லாவே அதிகம். நல்ல டியூபில் காற்றறையும் ஒண்ணுக்கு மேல இருக்கும். ஒண்ணு போனாலும் மத்தது தாங்கணும்.

ஆனா நாம ஃபர்ஸ்ட் இயர்ல போட்டு மறந்த ஒரு கணக்கு இங்க நிஜமாவே கடிக்கும். அந்த உயரத்துல வளிமண்டல அழுத்தம் சுமார் 80 கிலோபாஸ்கல். டியூபுக்குள்ள அதுக்கு மேல 10 வச்சு அடிச்சா மொத்தம் 90. வெயில்ல 40 டிகிரியில் கிண்ணுனு இருந்த டியூபை 10 டிகிரி தண்ணியில் இறக்குங்க. 313 கெல்வின் 283 ஆகுது. கொள்ளளவு மாறலைன்னு வச்சா அழுத்தம் சுமார் 81. அதாவது நீங்க கூடுதலா அடிச்ச பத்துல ஒண்ணுதான் மிச்சம்! டியூபின் பாதி வெளியே வெயில்ல இருக்கிறதால நிஜத்துல இவ்வளவு விழாது. ஆனாலும் தொளதொளன்னு ஆகும். அதனாலதான் கொஞ்ச நேரம் தண்ணியில் வச்சுட்டு, திரும்ப காற்றடிச்சுட்டு ஏறுறாங்க. இதே கணக்கைத் திருப்பிப் போடுங்க: மலையடிவாரத்துல முழுசா காற்றடிச்சு கார்ல மேல ஏத்தினா, இல்ல கரையேறி டியூபை வெயில்லயே விட்டுட்டு சாப்பிடப் போனா, தையல் பிரியும்.

இப்போ மீன். டிரவுட்டுக்கு 10 முதல் 16 டிகிரி வரை சுகம், 20 தாண்டினா திணறும். காரணம் சூடு மட்டும் இல்ல, ஆக்சிஜன். கடல் மட்டத்துல 10 டிகிரி தண்ணி லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் வரை கரைச்சு வச்சுக்கும், 20 டிகிரியில் 9.1தான். க்ரௌலி உயரத்துல இது இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். கோடையில் ஏரியின் மேல்தண்ணி சூடு. அடியில குளிர்ச்சி இருந்தாலும், மக்குற பாசி ஆக்சிஜனைத் தின்னுடும். மீன் நடுவுல மாட்டிக்கும், இல்லன்னா குளிர்ந்த ஓடை வந்து கலக்குற இடத்துக்குப் போயிடும். க்ரௌலியில் மெக்கீ ஓடை சேரும் விரிகுடாவில் டியூப்காரங்க கூடுறது இதனாலதான். கரையிலிருந்து எறிஞ்சா எட்டாது. டியூப் சத்தமில்லாம அங்கேயே கொண்டு போய் நிறுத்தும்.

இரை? பெரும்பாலும் கைரோனமிட். கொசு மாதிரியே இருக்கும், கடிக்காது. அடிச்சேத்துல வளர்ந்து, கூட்டுப்புழு ஆனதும் மெதுவா மேலே வரும். அதே மாதிரி நூல் சுத்தின குட்டி முள்ளை, மேலே ஒரு தக்கை போட்டுத் தொங்க விடணும். ஆழம் தெரிய முள்ளில் ஒரு கிளிப்பை மாட்டி அடி தொடும் வரை இறக்கி, அந்த அளவிலிருந்து ஒரு அடி குறைச்சு தக்கையைப் பூட்டுவாங்க. பத்தாயிரம் ரூபாய் சோனார் செய்யுற வேலையை ஒரு கிளிப் செய்யுது. அப்புறம் சும்மா உட்கார்ந்திருக்கணும். இந்த 'சும்மா'தான் கஷ்டம்.

ஃபின்ஸ் உதைச்சா டியூப் பின்னோக்கித்தான் போகும். போற திசைக்கு முதுகு, தூண்டில் கண்ணெதிர்ல. மீன் பிடிக்க ரொம்ப வசதி, வழி பார்க்க மோசம். வேகம் மெதுவா நடக்கிற அளவுகூட வராது. வேகத்தை இரட்டிப்பாக்கணும்னா இழுவிசை நாலு மடங்கு, உங்க கால் கொடுக்கவேண்டிய திறன் எட்டு மடங்கு. இதோட சியராவில் மதியமானா காற்று கிளம்பும். காலையில் காற்று தள்ளின பக்கமே ஜாலியா போனவர், திரும்பும்போது அதை எதிர்த்து உதைக்கணும். அதனால கிளம்பும்போதே காற்றை எதிர்த்துப் போறதுதான் புத்தி.

பயப்படவேண்டியது எது? வேடர்னு நெஞ்சுவரை வரும் நீர்புகா உடை போட்டிருப்பாங்க. அதுக்குள்ள தண்ணி புகுந்தா அப்படியே கீழே இழுத்துடும்னு பலர் நம்புறாங்க. தண்ணிக்குள்ள தண்ணிக்கு எடை ஏது? கரையேறும்போதுதான் அந்த 20 லிட்டர் 20 கிலோவா கனக்கும். உண்மையான எதிரி குளிர். உறையுற நிலைக்குப் பக்கத்துல இருக்கிற தண்ணியில் விழுந்தா முதல் ஒரு நிமிஷம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது, வாய் திறந்தா தண்ணி உள்ளே போகும். அடுத்த பத்து நிமிஷம்தான் கை கால் சொன்னதைக் கேட்கும். உடம்பு குளிர்ந்து நினைவு போக சுமார் ஒரு மணி நேரம் ஆகும். நல்லா நீந்தத் தெரிஞ்சவர்கூட அந்த முதல் நிமிஷத்துல போயிடலாம். அதனால லைஃப் ஜாக்கெட்டை டியூபில் கட்டித் தொங்க விட்டா பிரயோஜனம் இல்ல, உடம்புல இருக்கணும். வேடருக்கு மேல பெல்ட்டும் இறுக்கிக் கட்டணும்.

நம்ம நீலகிரியிலும் டிரவுட் உண்டு. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டது, அவலாஞ்சியில் அதுக்குன்னு பொரிப்பகமும் வச்சாங்க. உடனே டியூபைத் தூக்கிட்டுக் கிளம்பிடாதீங்க, அங்கே அணைக்கும் காட்டுக்கும் அனுமதி வாங்கணும். லாரி டியூபுக்கு இப்போதைக்கு ஊர்க் கிணறே போதும்.