பள்ளிவாசல் தரையிலிருந்து சுவருக்கு

இஸ்தான்புல்லில் சுல்தானகமெட் டிராம் நிறுத்தத்தில் இறங்குபவர்கள் பெரும்பாலும் நேரே ஹாகியா சோபியாவுக்கும் நீலப் பள்ளிவாசலுக்கும்தான் போவார்கள். நீலப் பள்ளிவாசலுக்கு எதிரே, திடலைத் தாண்டி, கோட்டை போல ஒரு கல் கட்டடம் நிற்கும். துருக்கிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் அதற்குள்தான் இருக்கிறது. இரண்டு மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

கட்டடத்துக்கே ஒரு கதை உண்டு. ஒட்டோமான் சுல்தான் சுலைமானின் உற்ற நண்பர் இப்ராகிம் பாஷாவின் மாளிகை இது. 1523இல் தலைமை அமைச்சரானவர், 1536இல் அதே சுல்தானின் உத்தரவால் கொல்லப்பட்டார்.

பல நாட்டு அருங்காட்சியகங்கள் அரசர்களின் கஜானாவிலிருந்து பிறந்தவை. இது திருட்டுப் பயத்தில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களிடம் பழைய கம்பளங்களுக்கு நல்ல விலை கிடைத்தது. பள்ளிவாசல்களிலும் அடக்கத்தலங்களிலும் இருந்த பொருள்கள் ஒவ்வொன்றாக மறைய ஆரம்பித்தன. எல்லாம் வக்ஃப், அதாவது சமய அறக்கட்டளைச் சொத்து. சட்டப்படி யாரும் விற்க முடியாதவை. மிஞ்சியதையாவது காப்பாற்றலாம் என்று திரட்டி, 1914இல் சுலைமானியே பள்ளிவாசலை ஒட்டி, ஏழைகளுக்குச் சோறு போட்ட பழைய சமையற்கூடத்தில் காட்சிக்கு வைத்தார்கள். இப்போதைய மாளிகைக்கு வந்தது 1983இல்.

நேரம் குறைவென்றால் மற்றதை விட்டுவிட்டுக் கம்பளக் கூடத்துக்குப் போய்விடுங்கள். கோன்யா நகரின் அலாவுதீன் பள்ளிவாசலில் கிடைத்த, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செல்ஜுக் கம்பளங்கள் இங்கே இருக்கின்றன. அடர்சிவப்பின் மேல் இளஞ்சிவப்பு, கருநீலத்தின் மேல் வெளிர்நீலம் என்று ஒரே நிறத்துக்குள்ளேயே விளையாடியிருப்பார்கள். ஓரத்தில் மட்டும் கூஃபி என்னும் அரபு எழுத்தைப் போல முரட்டுக் கோடுகள். எழுநூறு வருடங்களுக்கு மேல் ஒரு தரைவிரிப்பு எப்படித் தாங்கியது? புதிதாக யாராவது கம்பளம் தானம் கொடுத்தால் பழையதை எடுத்தெறியாமல் அதன் மேலேயே விரித்துவிடுவார்கள். அடியில் கிடந்தது வெயிலும் காலும் படாமல் பிழைத்துக்கொண்டது.

பக்கத்தில் போய்த் தேய்ந்த இடமாகப் பாருங்கள். துருக்கி முடிச்சு அங்கேதான் பிடிபடும். அடுத்தடுத்த இரண்டு பாவு நூல்களையும் இழையால் சுற்றி, நுனிகள் இரண்டையும் நடுவால் வெளியே இழுத்து அறுத்திருப்பார்கள். பாரசீக முடிச்சு ஒரு நூலை மட்டும் முழுதாகச் சுற்றும். அதனால் அதில் வளைவும் கொடியும் எளிதாக வரும். துருக்கியக் கம்பளத்தில் கட்டமும் நட்சத்திரமும் அதிகம்.

சில வகைகளை ‘ஹோல்பைன்’, ‘லோட்டோ’ என்று ஓவியர்கள் பெயரால் அழைப்பது வேடிக்கைதான். நெய்த கைகளின் பெயர் தெரியவில்லை. படத்தில் வரைந்தவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஹோல்பைன் 1533இல் வரைந்த ‘தூதர்கள்’ ஓவியத்தில் துருக்கியக் கம்பளம் மேசைமேல் விரித்திருக்கும். காலால் மிதிக்க ஐரோப்பியர்களுக்கு மனம் வரவில்லை போலும்!

குர்ஆன் பிரதிகள் இருக்கும் பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். டமாஸ்கஸின் உமய்யாப் பள்ளிவாசலில் இருந்த பழைய தோல் ஏடுகள் அங்கே உள்ளன. 1893இல் அந்தப் பள்ளிவாசல் தீப்பிடித்தபின் இஸ்தான்புல்லுக்கு வந்தவை. எழுத்தை எழுத்திலிருந்து பிரித்துக் காட்டும் புள்ளி பலவற்றுக்கு இருக்காது. ஓதத் தெரிந்தவர்களும் கொஞ்சம் திணறுவார்கள்.

கடைசியாக ஒரு கதவு. டைக்ரிஸ் ஆற்றங்கரையில் உள்ள ஜிஸ்ரே ஊரின் பெரிய பள்ளிவாசலுக்கு 13ஆம் நூற்றாண்டில் செய்தது. மரத்தின் மேல் உலோகத் தகடு. அதைத் தட்டுவதற்கான வளையத்தில் இரண்டு டிராகன்கள் முதுகோடு முதுகாக வளைந்திருக்கும். நடுவில் ஒரு சிங்கத் தலை. வளையங்களை ஒரு ஜோடியாகச் செய்தார்கள். ஒன்று 1969இல் திருடுபோனது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கோபன்ஹேகனில் உள்ள டேவிட் சேகரிப்புக்குத்தான் போக வேண்டும்.