புதையல் யாருக்குச் சொந்தம்?

பூமிக்குள் கிடக்கும் புதையல் யாருக்குச் சொந்தம்? கண்டெடுத்தவனுக்கா, நிலத்துக்காரனுக்கா, தேசத்துக்கா? வகுப்பிலே நாம் இதைக் கேட்டால், பிள்ளைகளில் அநேகர் “கண்டெடுத்தவனுக்குத்தான்!” என்று கூவுவார்கள். ஐர்லாந்து தேசத்தார் இதற்கு விடை காண ஏறக்குறைய எட்டு வருஷம் பிடித்தது.

டிப்பரரி ஜில்லாவில், சதுப்பு நிலத்தின் நடுவே தீவுபோல் மேடிட்டு நிற்கும் இடம் டெரினஃப்ளான். புராதன மடாலயம் ஒன்றின் இடிபாடுகள் அங்கே உண்டு. 1980-ஆம் வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி, உலோகம் தேடும் யந்திரத்துடன் ஒரு தகப்பனாரும் மகனும் அங்கே சென்றார்கள். யந்திரம் ஒலித்தது, தோண்டினார்கள். கவிழ்ந்திருந்த வெண்கலப் பாத்திரத்தின் கீழே வெள்ளிக் கிண்ணமும், தட்டும், வடிகட்டியும் கிடைத்தன. யாவும் ஆயிரம் வருஷத்துக்கு முற்பட்ட கிறிஸ்தவ வழிபாட்டுப் பாத்திரங்கள்!

அவற்றை அவர்கள் டப்ளின் தேசியப் பொருட்காட்சிச் சாலையில் ஒப்படைத்தார்கள். சர்க்கார் 10,000 பவுன் வெகுமதி தர முன்வந்தது. அது போதாதென்று விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1986-இல் ஹைகோர்ட், பொருளைக் கண்டெடுத்தவர்களிடமே திருப்பித் தரச் சொல்லிற்று. 1987 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது. புதையலின்மீது ஆங்கில மன்னருக்கு இருந்த பழைய பாத்தியதை சுதந்திர ஐர்லாந்துக்கு வாரிசாக வரவில்லை. ஆனால் சொந்தக்காரர் தெரியாத தொன்மைப் பொருள்கள் சுயாதீன தேசத்தின் சொத்தே என்பது தீர்ப்பு. கண்டெடுத்தவர்கள் நியாயமான வெகுமதி பெறலாம் என்றும் கூறிற்று.

அதே 1987-இல் புதுச் சட்டமும் வந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் உள்ள இடத்தில் அநுமதியின்றி அந்த யந்திரத்தை வைத்திருப்பதே குற்றம். மற்ற இடங்களிலும், பொது நிலமாயினும் சொந்த நிலமாயினும், தொல்பொருள் தேட முன்கூட்டி அநுமதி பெறவேண்டும்.

“யந்திரம் இல்லாவிட்டால் கிண்ணமே வெளிப்பட்டிராதே!” என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பொழுதுபோக்காகத் தேடுவோரெல்லாம் திருடர்கள் அல்லர். இங்கிலாந்தும் பாதுகாக்கப்பட்ட இடங்களில் இந்த யந்திரத்தை 1979-ஆம் வருஷச் சட்டத்தால் தடுத்தது. ஆயினும், மற்ற இடங்களில் அகப்படுவதை மனமுவந்து பதிவு செய்விக்கும் ஏற்பாட்டை 1997-இல் தொடங்கிற்று. ஆனால் யந்திரம் உலோகத்தை மட்டுமே அறியும். பக்கத்திலுள்ள ஓட்டையும், எலும்பையும், கரியையும் அது அறியாது. எந்த ஆழத்தில், எதனுடன் கிடந்தது என்பதே பொருளின் ஜாதகம். அவசரத்தில் தோண்டுகிறவன், கயிற்றை அறுத்துச் சுவடியிலிருந்து ஒரு பொன்னேட்டை உருவுகிறான். மற்ற ஏடுகள் காற்றிலே பறந்துவிடுகின்றன.

நம் தேசத்திலும் 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் உண்டு. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமான புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கொழுமுனையில் பானை தட்டுப்பட்டால், அதை உடைத்துப் பார்க்குமுன் நம் பிள்ளைகள் ஒரு கணம் நிற்கட்டும். உள்ளே பொன் இல்லாமற் போகலாம். நம் முன்னோரின் கதை இருக்கலாம்.