கிளர்ச்சியும் அதன் எல்லையும்

சுதந்திரம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளம் விரிகின்றது. எல்லை என்னும் சொல்லைக் கேட்டவுடன் அது சுருங்குகின்றது. ஒன்றை விரும்புவோர் மற்றதை வெறுப்பர் என்றே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். அரசும் சட்டமும் வெளியே நின்று இடும் வேலியே எல்லை என்பது பொதுவான கருத்து. இக்கருத்துக்கு மாறாக, கிளர்ச்சியின் எல்லை கிளர்ச்சிக்குள்ளேயே பிறக்கின்றது என்றும், அதனைக் காப்பவனே உண்மையான கிளர்ச்சியாளன் என்றும் வாதித்தார் ஒருவர். அவர் பிரெஞ்சு எழுத்தாளர் அல்பேர் காம்யு. ‘கிளர்ச்சி செய்யும் மனிதன்’ என்று பொருள்படும் தலைப்பில் 1951ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலின் அடிப்படைக் கருத்தை இன்று நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

காம்யு 1913இல், அந்நாளில் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அல்ஜீரியாவில் பிறந்தவர். அடுத்த ஆண்டிலேயே தந்தையார் முதலாம் உலகப் போரிற் காயமுற்று இறந்தார். எழுத்தறியாத தாயார் பிறர் வீடுகளிற் பணிசெய்து பிள்ளைகளை வளர்த்தார். சிறுவனின் திறமையை உணர்ந்து, அவன் உதவிப்பணம் பெற்று மேற்கல்வி கற்க வழிசெய்தவர் லூயி ஜெர்மேன் என்னும் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர். 1957இல் நோபெல் பரிசு பெற்றபோது தாம் ஆற்றிய உரைகளை அவ்வாசிரியருக்கே காம்யு காணிக்கையாக்கினார். இரண்டாம் உலகப் போரில் யேர்மனியப் படை பிரான்சைக் கைப்பற்றியிருந்த காலத்தில், மறைவாக வெளிவந்த ‘கொம்பா’ என்னும் எதிர்ப்புப் பத்திரிகையில் அவர் பணியாற்றினார். ஆகவே, கிளர்ச்சியை அவர் ஏட்டில் மட்டும் கற்றவரல்லர்.

கிளர்ச்சி எங்கே தொடங்குகின்றது? நெடுங்காலம் பணிந்து வந்த அடிமை ஒருவன் ஒருநாள் நிமிர்ந்து, ‘இனி முடியாது’ என்கின்றான். அச்சொல் வெறும் மறுப்பன்று. இதுவரை பொறுத்தேன், இதற்குமேல் நீ வரலாகாது என்று அவன் ஒரு கோடு கிழிக்கின்றான். எசமானன்கூடத் தீண்டத் தகாத ஒன்று தன்னிடம் உண்டு என்பதை அக்கணத்திலேதான் அவனும் அறிகின்றான். மறுப்பின் உள்ளே ஓர் உடன்பாடு மறைந்து கிடக்கின்றது.

அந்த ஒன்று அவனுக்கு மட்டும் உரியதா? அன்று என்பதே காம்யுவின் விடை. வகுப்பிலே செய்யாத குற்றத்துக்காக ஒரு மாணவன் அடிவாங்கும்போது, பின்வரிசையிலிருந்து வேறொருவன் எழுந்து, ‘ஐயா, அவன் செய்யவில்லை’ என்கின்றான். எழுந்தவனுக்கு எந்த வலியும் இல்லை, இலாபமும் இல்லை. ஆயினும், அடிபட்டவனிடத்து இழிவுபடுத்தப்பட்டது தன்னிடத்தும் உள்ள அதே பொருள் என்பதை அவன் உணர்கின்றான். தனிமனிதனின் வாயிலிருந்து வரினும் கிளர்ச்சி தனிமனிதனுக்கு மட்டும் உரியதன்று. அது எல்லார்க்கும் பொதுவான மனித மாண்பின் பெயரால் எழுவது.

இனி, எல்லை எவ்வாறு பிறக்கின்றது என்பதைக் காண்பது எளிது. எந்த மாண்பின் பெயரால் நான் எழுந்தேனோ, அதையே பிறனிடத்தில் நசுக்குவேனாயின், நான் எழுந்ததற்குரிய காரணமே அழிகின்றது. இருந்த கிளையை வெட்டியவனாகின்றேன். எல்லையற்ற சுதந்திரம் வலியவனின் சுதந்திரமே. எல்லையற்ற நீதியோ தன்னை மறுத்துப் பேசும் வாய்களை அடைத்து, ஈற்றிற் சுதந்திரத்தைக் கொல்லும். ஆதலின், இவ்விரண்டும் ஒன்றையொன்று தடுத்தாள வேண்டும் என்றார் காம்யு. புரட்சியானது அரசாக மாறிய பின், வருங்கால மக்களின் இன்பத்துக்காக நிகழ்கால மக்களைப் பலியிடுதல் முறையே என்று கூறும் தத்துவங்களை அவர் கடிந்ததும் இதனாலேயே.

இதற்கு அவர் காட்டும் சான்று உருசிய வரலாற்றில் உள்ளது. 1905ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம், மொஸ்கோ நகரில் சேர்கேய் என்னும் கோமகனைக் கொல்லும் பொறுப்பு இவான் கலியாயேவ் என்னும் இளைஞனிடம் ஒப்படைக்கப்பட்டது. சேர்கேய் அந்நாளைய சார் மன்னனின் சிற்றப்பன்; மொஸ்கோவை நெடுங்காலம் கடுமையாக ஆண்டவன். வண்டி வந்தது. வெடிகுண்டோடு ஓடிச்சென்ற கலியாயேவ், வண்டியினுள்ளே கோமகனின் மனைவியும், அவனது சகோதரனின் பிள்ளைகள் இருவரும் இருப்பதைக் கண்டான். ஓங்கிய கை தாழ்ந்தது. அவன் திரும்பிவிட்டான், தோழர்களும் அவன் செய்தது சரியென ஏற்றனர். இரண்டு நாள்களின் பின் கோமகன் தனியே சென்றபோது குண்டை எறிந்து அவனைக் கொன்றான். பிடிபட்டு, அவ்வாண்டு மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டான். இந்நிகழ்ச்சியையே பொருளாகக் கொண்டு காம்யு எழுதிய நாடகம் 1949இல் பாரிசில் அரங்கேறியது.

இவ்விடத்தில் நம் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருதல் இயல்பு. நீதி தவறிய பாண்டியனின் நகரை எரியூட்டும் கண்ணகி, முதியோரையும் குழந்தைகளையும் அறவோரையும் விட்டுத் தீயோரிடத்தே செல்க என்று தீக்கடவுளை ஏவுகின்றாள். சினத்தின் உச்சியிலும் எல்லை ஒன்று உண்டு என்பதை இளங்கோவடிகளும் கண்டிருந்தார்.

ஆயினும், கலியாயேவின் வரலாற்றை இத்துடன் முடித்துவிடுதல் நேர்மையன்று. இரண்டாம் நாள் எறிந்த குண்டு கோமகனை மட்டுமா கொன்றது? வண்டியோட்டியும் படுகாயமுற்றுச் சில நாள்களில் இறந்தான். அவன் கோமகனல்லன், கூலிக்கு வண்டி ஓட்டியவன். எந்த ஏழைகளின் பெயரால் குண்டு எறியப்பட்டதோ, அவர்களுள் ஒருவன். பிள்ளைகளைக் கண்டு தாழ்ந்த கை, வண்டியோட்டியைக் கண்டு தாழவில்லை. எல்லையை அறிந்தவன்கூட அதனை எத்துணை எளிதாக மீறிவிடுகின்றான் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? கொலையை முறையென்று நாட்டாது, அதற்கு ஈடாகத் தன் உயிரையும் கொடுத்தான் என்பதே காம்யு அவனிடம் கண்ட பெருமை. ஆனால், கொடுத்த உயிரால் எடுத்த உயிர் மீள்வதில்லை.

காம்யுவின் கொள்கைக்கு மறுப்பும் எழாமலில்லை. 1952இல் சார்த்தர் நடத்திய சஞ்சிகையில் நூலுக்குக் கடுமையான விமரிசனம் வெளிவர, இருவரின் நட்பும் முறிந்தது. எல்லை பேசுவோர் கொடுமைக்கு உள்ளாகாதோர்; பசித்தவனிடம் நிதானம் போதித்தல் எளிது என்பதே மறுப்பின் சாரம். இதனைப் புறக்கணிக்க முடியாது. 1954இல் அல்ஜீரிய மக்கள் விடுதலைப் போரைத் தொடங்கியபோது, காம்யு அந்நாட்டின் முழுச் சுதந்திரத்தை ஏற்கவில்லை. அடிமையின் மறுப்பை அவ்வளவு நுட்பமாக ஆராய்ந்தவர், தம் பிறந்த மண்ணில் எழுந்த மறுப்பை முழுதும் கேட்கவில்லை என்ற குறை இன்றும் கூறப்படுகின்றது. எனினும், 1956 ஜனவரியில் அல்ஜியேர்சு நகரில், போரிடும் இரு தரப்பினரும் பொதுமக்களின் உயிரையேனும் விட்டுவைக்க வேண்டும் என்று அவர் வேண்டினார். மண்டபத்துக்கு வெளியே அவருக்கு எதிரான கூச்சல் எழுந்தது. வேண்டுகோள் பலிக்கவில்லை. 1960இல் அவர் மோட்டார் விபத்தில் இறந்தார். 1962இல் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் மாண்டவர்களுட் பலர் எப்படையையும் சேராத எளிய மக்கள்.

எல்லை என்பது கோழையின் புகலிடமன்று. நடுவே நின்று இரு பக்கமும் தலையசைப்பதும் அன்று. அநீதியைக் கண்டு வாளாவிருப்பவன் எல்லை பேசத் தகுதியற்றவன். முதலில் ‘முடியாது’ என்று சொல்லும் துணிவு வேண்டும். அத்துணிவு பெற்றவன் கொடியவனாகிவிட்டானா என்பதை அறிய ஓர் அளவுகோல் உண்டு. தான் வெற்றிபெற்ற மறுநாள், வேறொருவன் தன்னை நோக்கி ‘முடியாது’ என்று சொல்ல எழுந்தால், அவனை உட்கார்ந்து கேட்பானா, வாயை அடைப்பானா? கேட்பவனிடத்திலேயே சுதந்திரம் நிலைபெறும். அடைப்பவனிடத்தில் ஆளும் கை மட்டுமே மாறியிருக்கும்.