சினைப் பன்றியின் ஆகாரமும் குட்டிகளின் வளர்ச்சியும்

பன்றி வளர்ப்பை உபதொழிலாகக் கொண்ட அங்கத்தினரிற் பலர், குட்டிகள் பால் மறந்த பின்னரே அவற்றின் ஆகாரத்தைப் பற்றி எண்ணத் தொடங்குகின்றனர். குட்டியின் வளர்ச்சியோ தாயின் வயிற்றிலேயே பெரிதும் நிர்ணயமாகி விடுகிறது. பொத்தேரிக்கு அண்மையில், காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் வெள்ளை யார்க்‌ஷயர் பன்றிகளை வளர்த்து வருகின்றனர். அவ்வினத்தை நாட்டுப் பன்றியோடு கலந்து ‘டானுவாஸ் கேபிஎம் கோல்டு’ என்னும் இனத்தையும் உருவாக்கியுள்ளனர். நல்ல இனத்தைக் கடன் பெற்று வாங்குவோர், தாய்க்கு இடவேண்டிய தீவனத்தையும் அறிந்திருந்தாலன்றிப் போட்ட முதல் திரும்பாது.

பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாட்கள். நடுமாதங்களில் கருவின் தசைநார்களின் எண்ணிக்கை அமைந்து விடுகிறது. பிறந்தபின் அந்நார்கள் பருக்குமேயன்றி எண்ணிக்கையிற் பெருகுவதில்லை. கருவின் எடையிற் பாதிக்கு மேல் கடைசி மாதத்திலேயே கூடுகிறது. அப்பொழுது தாய்க்குப் புரதம் குறைந்தால், அவள் தன் உடலைக் கரைத்தே குட்டிகளைப் பேணுகிறாள். அவ்வாறு பேணியும் அவை மெலிந்தே பிறக்கக் கூடும். ஒரு கிலோவுக்குக் குறைந்த குட்டி விரைவில் குளிர்ந்து போகும். பால் மிகுந்த முன்காம்புகளை வலுத்த குட்டிகள் பிடித்துக்கொள்ள, இது பின்னே தள்ளப்படும். நோயைத் தடுக்கும் சக்தி கருவிலே கிடைப்பதன்று, முதல் நாளின் சீம்பாலிலே கிடைப்பது. அதனையும் இது போதிய அளவு குடிப்பதில்லை.

இதனால் சினை முழுவதும் வாரி வழங்க வேண்டுமென்று கொள்ளலாகாது. கொழுத்த பன்றி ஈனுகையில் வருந்தும். ஈன்றபின் தீவனத்தை வெறுக்கும். குட்டிகளை நசுக்கியும் விடும். தொடக்கத்தில் நாளொன்றுக்கு இரண்டு கிலோ கலப்புத் தீவனம் போதும். கடைசி மாதத்தில் அரைக் கிலோ கூட்டலாம். ஈன்ற சில நாட்களுக்குப் பின் தாய்க்கென இரண்டு கிலோவும், குட்டி ஒன்றுக்குக் கால் கிலோவுக்குக் குறையாமலும் சேர்த்திடல் வேண்டும். நம் பகுதியின் கத்திரி வெயிலில் அது உண்ண மறுக்குமாதலால், விடியலிலும் இரவிலும் இடுவதே நலம். தண்ணீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

பொத்தேரியைச் சுற்றிக் கல்லூரி விடுதிகளும் உணவகங்களும் மிகுந்துள்ளன. அங்கு மிஞ்சும் சோறு மலிவுதான். ஆனால் அதில் முக்காற்பங்கு நீரே. பத்துக் கிலோ எச்சத்தில் இரண்டரைக் கிலோவே ஆகாரம், அதிலும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சொற்பம். பூஞ்சை பிடிக்காத கடலைப் பிண்ணாக்கு, உப்பில்லாக் கருவாட்டுத் தூள், தாது உப்புக் கலவை ஆகியவற்றைச் சேர்த்தாலன்றிச் சினைப் பன்றிக்கு அது உணவாகாது. எச்சத்தை அரைமணி நேரம் கொதிக்க வைத்தல் இன்றியமையாதது. 2020-இல் இந்தியாவில் தோன்றிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இறைச்சிக் கழிவின் வழியாகவும் பரவக்கூடியது, அதற்கு மருந்தில்லை.

தாயின் தீவனத்தால் சரிசெய்ய இயலாத குறை ஒன்றுண்டு. குட்டிக்கு நாளொன்றுக்கு ஏழு மில்லிகிராம் அளவு இரும்புச்சத்து வேண்டும். பாலில் கிடைப்பதோ ஒரு மில்லிகிராம் அளவே. தாய்க்கு எவ்வளவு கொடுத்தாலும் பாலில் அது பெரிதும் இறங்குவதில்லை. மண்ணைக் கிளறித் திரிந்த குட்டிகள் இதனை மண்ணிலிருந்தே பெற்றுவந்தன. சிமெண்டுத் தரையில் பிறக்கும் குட்டிகளுக்கு மூன்றாம் அல்லது நான்காம் நாளில் கால்நடை மருத்துவரைக் கொண்டு இரும்புச்சத்து ஊசி போடுவித்தல் வேண்டும்.